ஒரு முட்டி போட்டு துடுப்பு போடுறாங்களே, அந்த ரேஸோட கதை

பக்கத்து பிளாட் தம்பி கேட்டது இது: "அண்ணா, நேத்து யூட்யூப்ல ஒரு ரேஸ் வந்துச்சு, ஒல்லியா ஒரு போட்டு, அதுல ஒருத்தன் ஒரு கால் முட்டி போட்டு ஒரே பக்கமா துடுப்பு போட்டுட்டு பறக்குறான், கனோ ஸ்பிரிண்ட் வேர்ல்டு சாம்பியன்ஷிப்னு போட்டிருந்தது. இது எப்போல இருந்து நடக்குது? நேரு டிராபி மாதிரியா? நம்மாளுங்க ஏன் யாருமே இல்ல?" லிஃப்ட்ல நின்னுக்கிட்டு சொல்ற பதில் இல்ல இது, அதான் உக்காந்து டைப் பண்றேன். எனக்கு இந்த ரேஸ் மேல பத்து வருஷ பைத்தியம், அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோ.

மொதல்ல ஒரு குழப்பத்த தீத்துடுறேன். சென்னைல போட் ரேஸ்னு சொன்னா எல்லாருக்கும் அடையாறு போட் கிளப்தான் ஞாபகம் வரும், 1867-ல ஆரம்பிச்ச கிளப், ஏரியாவுக்கே அந்தப் பேர்தான். ஆனா அங்க நடக்குறது ரோயிங். ரோயிங்ல போற திசைக்கு முதுகு காட்டி உக்காருவாங்க, துடுப்பு போட்டோட ஒரு கொக்கில மாட்டியிருக்கும். நீ பாத்தது வேற ஜாதி. இதுல முன்னாடி பாத்துதான் போவாங்க, துடுப்பு கைல மட்டும்தான் இருக்கும், போட்ல எங்கயும் மாட்டாது. அதுலயும் ரெண்டு வகை. ரெண்டு பக்கமும் தகடு வச்ச துடுப்போட காலை நீட்டி உக்காந்து போறது கயாக், கிரீன்லாந்து பக்கத்து இனுயிட் மக்கள் சீல் வேட்டைக்கு வச்சிருந்த போட்டோட வாரிசு. ஒரே தகடு, ஒரு முட்டி, ஒரே பக்கம், இது கனோ, கனடா பழங்குடி மக்களோட படகுல இருந்து வந்தது. ரேஸ் பேர்ல கே-1, கே-2, கே-4னு வந்தா கயாக், சி-1, சி-2னு வந்தா கனோ, நம்பர் எத்தன பேர்னு சொல்லுது. அவ்ளோதான் கிராமர்.

முட்டி போட்டு துடுப்பு போடுறது நமக்கு ஒன்னும் புதுசு இல்ல தெரியுமா. இப்ப எல்லாம் ஃபைபர் போட்டும் மோட்டாரும் வந்துடுச்சு, ஆனா நான் சின்ன வயசுல ஊரூர் குப்பத்துல காலைல ஆறு மணிக்கு நின்னா கட்டுமரத்துல ஒரு பெரியவர் முட்டிய மடக்கி உக்காந்து, ஒரு தட்டை பலகைய ரெண்டு கைலயும் புடிச்சு அலையைத் தாண்டி போறத பாக்கலாம், அந்தப் பலகை தண்ணில இறங்குறப்போ சத்தமே வராது, எடுக்குறப்போ மட்டும் ஒரு சின்ன 'சளக்'. சி-1 ரேஸ முதல் தடவ வீடியோல பாத்தப்போ எனக்கு அவர்தான் ஞாபகம் வந்தாரு.

சரி, வரலாறு. இந்த விளையாட்டுக்கு ஒரு சர்வதேச சங்கம் 1924 ஜனவரில கோபன்ஹேகன்ல ஆரம்பிச்சாங்க, டென்மார்க், சுவீடன், ஜெர்மனி, ஆஸ்திரியா நாலு நாடு சேந்து. அப்ப பேரு ஜெர்மன்ல வேற என்னமோ, போர் முடிஞ்சு 1946-லதான் இப்ப இருக்குற ஐசிஎஃப், அதாவது இன்டர்நேஷனல் கனோ ஃபெடரேஷன்ங்கற பேரு வந்தது. நம்ம ஊர்ல ஐசிஎஃப்னா பெரம்பூர் ரயில் பெட்டி ஃபேக்டரிதான், அதனால ஒவ்வொரு தடவ நான் இந்தப் பேர சொல்றப்பவும் யாராவது ஒருத்தர் வந்தே பாரத் பத்தி பேச ஆரம்பிச்சுடுவாங்க. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல கயாக், கனோ ரெண்டையும் மெடல் போட்டியா சேத்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 1938-ல, சுவீடன்ல ஸ்டாக்ஹோம் பக்கத்து தீவுக்கூட்டத்துல வாக்ஸ்ஹோம்ங்கற சின்ன ஊர்ல முதல் உலக சாம்பியன்ஷிப்.

அந்த முதல் போட்டியோட லிஸ்ட்ட பாத்தா எனக்கு சிரிப்பா இருக்கும், அவ்ளோ வித்தியாசமானது. மடக்கு கயாக்குக்குன்னு தனி ரேஸ் இருந்துச்சு! மரச்சட்டத்துல ரப்பர் துணிய மாட்டி, பிரிச்சு பைல போட்டு ரயில்ல ஏத்திட்டு போற கயாக், அந்தக் காலத்து ஐரோப்பால ஞாயித்துக்கிழம ஆத்துக்குப் போற ஆளுங்க எல்லாம் வச்சிருந்தது. பத்தாயிரம் மீட்டர் ரேஸ் இருந்துச்சு. பொம்பளைங்களுக்கு 600 மீட்டர்னு ஒரு தூரம் வச்சிருந்தாங்க, அது அந்த ஒரு தடவையோட காணாம போச்சு, அப்புறம் 500 ஆயிடுச்சு. ஆக ஆரம்பத்துலயே யார் எந்தப் போட்ல எவ்வளவு தூரம் போகலாம்ங்கறதுலதான் இவங்களுக்கு சண்டை. என்னைக் கேட்டா இந்த சாம்பியன்ஷிப்போட இத்தன வருஷ கதையே அந்த ஒரு சண்டைதான்னு சொல்லுவேன், யாரு ஜெயிச்சாங்கங்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

அடுத்து உலகப் போர். 1948-ல லண்டன் ஒலிம்பிக்ஸ ஒட்டி சின்னதா நடத்தினாங்க, முழுசா திரும்ப வந்தது 1950 கோபன்ஹேகன்லதான். அதுக்கப்புறம் 54, 58, 63, 66னு இஷ்டத்துக்கு நடந்துட்டு இருந்தது. 1970-ல இருந்துதான் ஒழுங்கா ஒரு முறை வந்தது, ஒலிம்பிக்ஸ் இல்லாத வருஷமெல்லாம் உலக சாம்பியன்ஷிப், ஒலிம்பிக்ஸ் வருஷத்துல லீவு. முப்பத்தஞ்சு வருஷம் ஐரோப்பாவ விட்டு வெளிய போகவே இல்ல, 1974-லதான் முதல் தடவையா மெக்சிகோ சிட்டி. நடத்துற ஊர்ங்க லிஸ்ட்டும் நம்ம வீட்டுக் கல்யாண மண்டபம் மாதிரி திரும்பத் திரும்ப அதே பேருங்கதான், ஜெர்மனில டூயிஸ்பர்க் ஆறு தடவ, ஹங்கேரில செகெட் நாலு தடவ, பெல்கிரேடு 1971-ல இருந்து 82-க்குள்ளயே நாலு தடவ. ஆசியாவுக்கு வந்தது 2024-ல, உஸ்பெகிஸ்தான் சமர்கந்துல, அதுவும் ஒலிம்பிக்ஸ் வருஷம்ங்கறதால ஒலிம்பிக்ஸ்ல இல்லாத ரேஸுங்க மட்டும்தான்.

ஏன் கிழக்கு ஐரோப்பாவுக்கு இதுல இவ்ளோ புடிப்புன்னு கேட்டா, ஆறுதான். டான்யூப் நதி ஹங்கேரி, யூகோஸ்லாவியா, ருமேனியானு ஓடுது, ஒவ்வொரு ஊர்லயும் கரையில ஒரு கிளப், நம்ம தெருவுக்கு ஒரு கிரிக்கெட் டீம் மாதிரி. கூடவே கம்யூனிஸ்ட் அரசாங்கம் ஸ்கூல் பசங்கள்ல இருந்தே ஆள் பொறுக்கி சம்பளம் குடுத்து வளத்துச்சு. போட் ஒன்னு ஓட்டி தங்கம் வாங்கினா அமெரிக்காக்காரன் முன்னாடி தலை நிமிந்து நிக்கலாம், அமெரிக்காக்காரன் இந்த விளையாட்ட கண்டுக்கவே இல்லங்கறது வேற விஷயம்.

அந்த ஆறு வளத்த ஆளுங்கள்ல எனக்கு ரொம்ப புடிச்சவரு ருமேனியாவோட இவான் பட்சாய்ச்சின். டான்யூப் கடல்ல கலக்குற கழிமுகத்துல, நாணல் காட்டுக்கு நடுவுல மிலா 23ங்கற மீனவ கிராமம். ரோடு கிடையாது, எங்க போனாலும் படகு. அந்த ஊர்ப் பையன் 1968-ல ஒலிம்பிக்ஸ் தங்கம் வாங்கிட்டான். 1972 மியூனிக்ல சி-1 1000 மீட்டர் முதல் சுத்துல துடுப்பு நடுவுல உடைஞ்சு போச்சு. சி-1ல துடுப்பு உடைஞ்சா என்ன ஆகும்னா, அந்த துடுப்புதான் பிரேக்கு, அதுதான் ஸ்டியரிங்கு, அதுதான் நீ கவுறாம இருக்க ஊன்றுகோல், சக்கரம் கழண்ட சைக்கிள் மாதிரிதான். அவரு கைல மிச்சம் இருந்த துண்டை வச்சே ரேஸ முடிச்சாரு. கடைசியா வந்தாலும் முடிச்சதால அடுத்த வாய்ப்பு சுத்துக்குப் போக முடிஞ்சுது, அங்க ஜெயிச்சு, அப்புறம் ஃபைனல்ல தங்கம். இது ஒலிம்பிக்ஸ் கதை, சாம்பியன்ஷிப் கதை இல்லதான், ஆனா இத சொல்லாம என்னால இந்த விளையாட்டப் பத்தி பேச முடியாது. மொத்தம் நாலு ஒலிம்பிக் தங்கம், 1984 வரைக்கும்.

இதுக்கு நேர் எதிரா ஒருத்தர், ஹங்கேரி தமாஷ் விக்மன். உலக சாம்பியன்ஷிப்ல 9 தங்கம். ஒலிம்பிக்ஸ்ல தங்கமே இல்ல, ரெண்டு வெள்ளி, ஒரு வெண்கலம். காரணம் சிம்பிள், பத்தாயிரம் மீட்டர்தான் அவரு ராஜ்ஜியம், ஒலிம்பிக்ஸ்ல அந்த தூரத்த 1956-ஓட தூக்கிட்டாங்க. சாம்பியன்ஷிப்ல மட்டும் 1993 வரைக்கும் ஓடுச்சு. ரிட்டயர் ஆகி புடாபெஸ்ட்ல ஒரு பப் வச்சு நடத்தினாரு. சும்மா ரெக்கார்ட் புக்க மட்டும் பாக்குறவங்களுக்கு இவர் பேரே தெரியாது, அதனாலதான் சொல்றேன் ஒலிம்பிக்ஸ் லிஸ்ட்ட மட்டும் வச்சு இந்த விளையாட்ட எடை போடாதன்னு.

நீண்ட தூர ரேஸ்ல ஒரு தனி அழகு இருக்கு. 200, 500, 1000 எல்லாம் அவனவன் லேன்ல போகணும், தாண்டக் கூடாது. பத்தாயிரத்துல லேன் கிடையாது, எல்லாரும் ஒன்னா கிளம்பி வளைஞ்சு வளைஞ்சு வருவாங்க. முன்னாடி போற போட் கிளப்புற அலை மேல நம்ம போட்ட ஏத்தி ஒட்டிக்கிட்டா கம்மி உழைப்புல அதே வேகத்துல போலாம். மவுண்ட் ரோட்ல ஆம்புலன்ஸ் போனா அது பின்னாடியே நாலு ஆட்டோ ஒட்டிட்டு போகுமே, அதே டெக்னிக்தான். கடைசி சுத்துல ஆம்புலன்ஸ ஓவர்டேக் பண்ணி தங்கம் வாங்குறான், அதுதான் வித்தியாசம். 2010-ல இத 5000 மீட்டரா திரும்பக் கொண்டு வந்தாங்க. நீ ஒரே ஒரு ரேஸ்தான் முழுசா பாப்பன்னா அத பாரு.

பொம்பளைங்க பக்கம் வந்தா பிர்கிட் ஃபிஷர். கிழக்கு ஜெர்மனி, 1980 மாஸ்கோல பதினெட்டு வயசுல முதல் ஒலிம்பிக் தங்கம், 2004 ஏதென்ஸ்ல நாப்பத்திரெண்டு வயசுல எட்டாவது. நடுவுல 84-ல அவங்க நாடு லாஸ் ஏஞ்சல்ஸ புறக்கணிச்சதால போகவே முடியல, ரெண்டு குழந்த பெத்தாங்க, நாடே காணாம போச்சு, சுவர் இடிஞ்சு ஒரே ஜெர்மனி ஆச்சு, இவங்க மட்டும் போட்ல இருந்து இறங்கல. உலக சாம்பியன்ஷிப் தங்கம் மட்டும் 25-க்கும் மேல. ஹங்கேரி கதாலின் கோவாச் அந்தக் கணக்கையும் தாண்டி 30-க்கு மேல போனாங்க, ஆனா ஒலிம்பிக்ஸ்ல மூணுதான். அதுக்கப்புறம் வந்த ராணி நியூசிலாந்து லிசா கேரிங்டன். 2011 செகெட்ல கே-1 200 மீட்டர்ல முதல் உலகத் தங்கம், 2024 பாரிஸ் முடியிறப்போ 8 ஒலிம்பிக் தங்கம். ஸ்டார்ட்ல பாரு அவங்கள, முதல் அஞ்சு வீச்சுலயே மத்தவங்களுக்கு ரேஸ் முடிஞ்சிருக்கும்.

ஆனா இதெல்லாம் கயாக். கனோல, அந்த முட்டி போடுறதுல, பொம்பளைங்கள விடவே இல்ல. காரணம் கேட்டா உடம்புக்கு ஆகாதாம், இடுப்பு கெட்டுடுமாம், குழந்த பெத்துக்க முடியாதாம். சித்தாள் வேல பாக்குற பொம்பள தலைல செங்கல் தூக்குறப்போ இந்த டாக்டருங்க எல்லாம் எங்க போயிருந்தாங்கன்னு தெரியல. 1938-ல ஆரம்பிச்ச சாம்பியன்ஷிப்ல பெண்கள் கனோ மெடல் போட்டியா வந்தது 2010-ல, போலந்து போஸ்னான்ல. எழுபத்திரெண்டு வருஷம்! ஒலிம்பிக்ஸுக்கு அதுக்கும் பதினோரு வருஷம் கழிச்சு, 2021-ல நடந்த டோக்கியோல. போஸ்னான்ல அந்த முதல் சி-1 200 தங்கம் கனடா லாரன்ஸ் வின்சென்ட் லபாயின்ட்டுக்கு. அடுத்த பத்து வருஷம் இந்த ரேஸ்னா அவங்கதான். 2019-ல ஊக்கமருந்து டெஸ்ட்ல ஃபெயில்னு அந்த வருஷ சாம்பியன்ஷிப்புக்கே விடல, சில மாசம் கழிச்சு, அப்போ கூட இருந்த துணைவர் எடுத்த மருந்து அவங்க உடம்புக்குள்ள வந்திருக்குன்னு ஒத்துக்கிட்டு ஐசிஎஃப்பே குற்றமில்லனு விட்டாங்க. அவங்க இல்லாத அந்த 2019 செகெட் சாம்பியன்ஷிப்ல ஜெயிச்சது பதினேழு வயசு அமெரிக்கப் பொண்ணு நெவின் ஹாரிசன். டோக்கியோல ரெண்டு பேரும் நேருக்கு நேர், ஹாரிசன் தங்கம், லபாயின்ட் வெள்ளி. நான் அன்னிக்கு ஆபீஸுக்கு லேட்.

இப்ப போட் சண்டைக்கு வரேன், எனக்கு இதுதான் கறிக்கொழம்பு மாதிரி. விதி என்ன சொல்லுதுன்னா கே-1 அதிகபட்சம் 5.2 மீட்டர் நீளம், குறைஞ்சது 12 கிலோ எடை. நம்ம வீட்டு கேஸ் சிலிண்டர் காலியா இருந்தாலே பதினஞ்சு கிலோ வரும், அத விட கம்மி. முன்னாடி அகலத்துக்கும் ஒரு விதி இருந்தது, குறைஞ்சது 51 செ.மீ. இருக்கணும்னு. ஒல்லியா இருந்தாதான் வேகம், அதனால டிசைனர்ங்க என்ன பண்ணாங்கன்னா, ஆள் உக்கார்ற இடத்துலயும் தண்ணியத் தொடுற இடத்துலயும் ஒல்லியாவே விட்டுட்டு, முதுகுக்குப் பின்னாடி மேல் பக்கம் ரெண்டு சிறகு மாதிரி துருத்தி விட்டு, அந்த ஒரு இடத்துல மட்டும் 51 காட்டினாங்க. அளக்குறவர் வந்தா அங்க அளந்துட்டுப் போவாரு. மேல இருந்து பாத்தா வைரக்கல் மாதிரி இருக்கும் அந்த போட்டு. நம்ம ஊர்ல ஹெல்மெட்ட கைல மாட்டிட்டு வண்டி ஓட்டுவோமே, சட்டத்துக்கு ஹெல்மெட் இருக்கு, அந்த மாதிரி. கடைசில 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ் முடிஞ்சதும் அகல விதியவே எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் வந்த போட்டெல்லாம் ஊசி மாதிரி ஆயிடுச்சு.

துடுப்பும் அப்படித்தான். எண்பதுகளோட நடுவுல சுவீடன்காரங்க விமான இறக்கை மாதிரி வளைஞ்ச ஒரு தகட்டோட வந்தாங்க. பழைய துடுப்ப தண்ணில போட்டு நேரா பின்னாடி இழுக்கணும், இது போட்ட விட்டு வெளிப்பக்கமா விலகிப் போயி அந்த விலகல்லயே புடிப்பு குடுக்கும், தண்ணில வழுக்காது. ஒரு சில வருஷத்துக்குள்ள கயாக்ல பழைய துடுப்பே இல்லாம போச்சு.

தூரத்துலயும் அடிக்கடி மாத்தம். 1994-ல 200 மீட்டர் சேத்தாங்க, டிவிக்கு ஏத்த மாதிரி, ஆம்பளைங்க கே-1ல முப்பத்தஞ்சு செகண்ட்ல முடிஞ்சுடும், கண்ண சிமிட்டுறதுக்குள்ள. 2012 லண்டன்ல ஒலிம்பிக்ஸ்லயும் ஆம்பளைங்களுக்கு 500-அ தூக்கிட்டு 200 போட்டாங்க, பாரிஸ்ல கயாக் 200-அயும் தூக்கி 500-அ திருப்பிக் கொண்டு வந்தாங்க. டி20யா டெஸ்ட்டானு நம்ம சண்டை போடுற மாதிரிதான். ஒவ்வொரு தடவ மாத்துறப்பவும் வாழ்க்கை முழுக்க ஒரு தூரத்துக்கு உடம்ப வளத்த நாலு பேரு வீட்டுக்குப் போறாங்க, அதப் பத்தி யாரும் பேசுறதில்ல. மாத்துத் திறனாளிகளுக்கு 2010-ல இருந்து இதே மேடைல போட்டி, இது மட்டும் அவங்க சண்டை இல்லாம பண்ண நல்ல காரியம்.

பிரேசில் இசாகியாஸ் கெய்ரோஸ் பத்தி ஒரு வரி. சின்ன வயசுல மரத்துல இருந்து விழுந்து ஒரு கிட்னி போனவரு. 2014 மாஸ்கோல சி-1 1000 ஃபைனல்ல முன்னாடி போயிட்டு இருந்தவரு கோட்டுக்கு சில மீட்டர் இருக்குறப்போ தண்ணில விழுந்துட்டாரு. அந்த வீடியோவ தேடிப் பாரு. டோக்கியோல அதே ரேஸ்ல தங்கம்.

தண்ணில விழுறதுன்னதும் என் கதை. முட்டுக்காடு பக்கம் உப்பங்கழில டூரிஸ்ட்டுக்கு விடுற பிளாஸ்டிக் கயாக் அகலமா இருக்கும், அதுல ரெண்டு வருஷம் ஓட்டிட்டு எனக்கு நல்லா வரும்னு ஒரு நெனப்பு. கேரளாவுல இருந்து வந்த ஒரு சேட்டன் கிட்ட பழைய ரேசிங் கே-1 ஒன்னு இருந்தது, கெஞ்சி வாங்கினேன். எம்டிசி பஸ்ல மூணாவது ஆளா சீட் நுனில உக்காருவோமே, அதுதான் மொத்த அகலம். முட்டிய தூக்கி வச்சு கால் வைக்குற பலகைல மிதிச்சு உக்காந்தேன், சேட்டன் பின்னாடி புடிச்சிருந்தாரு, "மூச்சு விடுங்க"ன்னாரு. விட்டேன். அந்த மூச்சுக்கே போட்டு ஆடுச்சு. கைய எடுத்தாரு, துடுப்ப இடது பக்கம் ஒரே ஒரு தடவ வச்சேன், வலது பக்கமா கவுந்தேன். தண்ணி இடுப்பளவுதான், ஆனா அடியில சிப்பி, உள்ளங்கால்ல நாலு இடத்துல கிழிச்சிருச்சு. அன்னிக்கு மட்டும் பதினோரு தடவ விழுந்தேன், சேட்டன் எண்ணிட்டு இருந்தாரு.

நேரு டிராபி கேட்டியே. 1952-ல நேரு ஆலப்புழா வந்தப்போ ஆரம்பிச்சது, புன்னமடை ஏரில நூறு பேர் ஒரே சுண்டன் வள்ளத்துல, அதான் அந்த நீளமான பாம்புப் படகுல, போறது. துடுப்பு கைல மட்டும், முன்னாடி பாத்து போறது, அந்த வகைல பாத்தா ரோயிங்க விட அது கனோவுக்குத்தான் சொந்தக்காரன். ஆனா அதுல திறமை நூறு பேரோட தாளத்துல இருக்கு, சி-1ல ஒத்த ஆளோட பேலன்ஸ்ல.

நம்மாளுங்க இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல சி-2 1000ல சிஜி சதானந்தனும் ஜானி ரோமலும் வெண்கலம். அடுத்த மெடலுக்கு இருபத்தொன்பது வருஷம், 2023-ல ஹாங்சோல நடந்ததுல அர்ஜுன் சிங்கும் மணிப்பூர் சுனில் சிங் சலாமும், அதே ரேஸ், அதே வெண்கலம், 3 நிமிஷம் 53 செகண்ட். குவாலியர் பிராச்சி யாதவ் டோக்கியோ பாராலிம்பிக்ஸ்ல ஃபைனல் வரைக்கும் போயி எட்டாவது வந்தாங்க, அதுக்கப்புறம் ஆசிய பாரா விளையாட்டுல தங்கமே வாங்கினாங்க. போபால் ஏரியும் ஆலப்புழாவும்தான் இங்க பயிற்சிக்கு முக்கியமான எடம். உலக சாம்பியன்ஷிப்ல ஏன் பெருசா கண்ணுல படலன்னா, ரேசிங் போட்டு ஒன்னு வெளிநாட்டுல இருந்து கொண்டு வர லட்சக்கணக்குல ஆகும், ஆயிரம் மீட்டருக்கு காத்து, அலை, ஆகாயத்தாமரை இல்லாத நேர் தண்ணி ஒன்பது லேனுக்கு வேணும். சென்னைல கடல் இருக்கு, ஆறு மூணு இருக்கு, ஏரிக்கு கணக்கில்ல, அப்படி ஒரு நேர் தண்ணிக்கு நான் இன்னும் தேடிட்டு இருக்கேன்.

ஞாயித்துக்கிழம காலைல அஞ்சரைக்கு கீழ பார்க்கிங்ல நில்லு, ஈசிஆர் டிராஃபிக் ஆரம்பிக்கிறதுக்குள்ள போயிடலாம். அகலமான கயாக்தான் முதல்ல, கே-1அ தொடக்கூட விடமாட்டேன். மாத்துத்துணி ரெண்டு செட்டு எடுத்துக்கோ, கால்ல பழைய கான்வாஸ் ஷூ கட்டாயம், செருப்பு போட்டுட்டு வந்தா சிப்பிக்கு நான் பொறுப்பில்ல.